பலகையின் பின்பக்கம்

1

இந்தக் கதை ஒரு பிளைவுட் பலகையின் பின்பக்கத்தில் பிறந்தது. உள்ளதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போகக் கொஞ்சம் பொய்யும் வரும், கண்டுகொள்ளாதீர்கள்.

முதல் வரி இப்படி இருந்தது: 'அந்தத் தச்சர் தன் பழைய படகின் உள்ளறையைப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தபோது...' [அடித்துவிட்டேன். தச்சராக இருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.]

2

ஆகவே பஸ் டிரைவர். ஓய்வு பெற்றவர். மனைவி ஆஸ்பத்திரி லேபில் முப்பது வருடம் ரத்த சாம்பிள்களுக்குப் பெயர் எழுதி ஒட்டியவள். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒரு பழைய படகை வாங்கி அதிலேயே குடியேறுவது என்று இருவரும் முடிவு செய்தார்கள். வாங்கும்போதே உள்ளே மரமெல்லாம் ஊறி இற்றுப் போயிருந்தது. பிய்த்து எறிந்துவிட்டு, பிளைவுட் வாங்கினார்கள்.

பிளைவுட் தண்ணீர் குடிக்காமல் இருக்க எபாக்சி என்ற பிசினைப் பூச வேண்டும். முன்பக்கம், பின்பக்கம், நான்கு விளிம்பு*, எல்லாம் மூன்று கோட், அதாவது மூன்று பூச்சு. அது அவள் பொறுப்பு. ஒவ்வொரு கோட்டும் காய்ந்ததும் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். மூன்று புள்ளி இல்லாத பலகை படகுக்குள் ஏறாது. அவர் அறுப்பார், அவள் பூசுவாள், நடுநடுவே சண்டையும் போட்டுக்கொள்வார்கள். வேலை நடந்த நான்கு மாதமும் இருவரும் ரொம்பச் சந்தோஷமாக இருந்தார்கள்.

(* திருகு போகும் ஓட்டைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விட்டால் அவள் என்னைச் சும்மா விடமாட்டாள்.)

[டிரைவர் மேல் எனக்குச் சந்தேகம். இவ்வளவு நிதானமான மனிதர் அடுத்து வருவதைச் செய்வாரா?]

3

அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்த இரண்டு நாளில், படுக்கையோரச் சுவர்ப் பலகையை அவர் இரண்டு அங்குலம் குட்டையாக அறுத்துத் தொலைத்தார். மானம் போய்விடுமே என்று அவசர அவசரமாகப் புதுப் பலகை அறுத்தார். முன்பக்கம் மட்டும் பூசினார். பின்பக்கத்துக்கு நேரம் இல்லை. பென்சிலை எடுத்து, அவள் வைப்பது போலவே மூன்று புள்ளி வைத்து, சுவரில் திருகி முடுக்கிவிட்டார்.

திரும்பி வந்தவள் பலகையைத் தடவிப் பார்த்தாள். புள்ளிகளை எண்ணினாள்.

"நான் இல்லாதப்பவும் ஒழுங்கா பண்ணியிருக்கீங்க. இனிமே நீங்க வைக்கிற புள்ளிய நான் எண்ணிப் பாக்க மாட்டேன்," என்றாள்.

அதன் பிறகு அந்தப் பலகையை ஒட்டிப் படுக்கையும் அலமாரியும் வந்துவிட்டன. வருகிற வியாழக்கிழமை படகு தண்ணீரில் இறங்குகிறது.

முடிவு அ: யாருக்கும் தெரியவில்லை. பலகை பத்து வருடம் உழைத்தது. [பலகை சரி. அவர் பத்து வருடம் எப்படித் தூங்கினார்?]

முடிவு ஆ: முதல் மழைக்காலத்திலேயே பலகை உப்பியது. அவளே கழற்றினாள். பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, பலகையைத் திருப்பி அந்த மூன்று புள்ளியையும்

[இதை எழுத எனக்குக் கை வரவில்லை.]

4

பஸ் டிரைவர் என்று யாரும் இல்லை. நான்தான். அச்சகத்தில் பிழை திருத்தியவன். ஊரார் பிழையையெல்லாம் சிவப்பு மையில் சுழித்தவனுக்குத் தன் பிழையைச் சொல்ல வாய் வரவில்லை. பல தடவை ஆரம்பித்தேன். "அந்தப் பலகை இருக்கு பாரு," என்பேன். அவள் நிமிர்வாள். நல்லா அமைஞ்சிருக்கு என்று சொல்லி மழுப்பிவிடுவேன். அவளை ஏமாற்றியது வெட்கமாக இருக்கிறது. எழுதினால் வரும் என்று உட்கார்ந்தேன்.

5

இதுவரை எழுதியதை இன்று காலை அவளிடம் கொடுத்துவிட்டேன். எதிரே புதுப் படுக்கையில் காலை நீட்டி உட்கார்ந்து படிக்கிறாள். தச்சரை அடித்த இடத்தில் சிரித்தாள்.

"டிரைவர் உங்கள விட நல்லவரா தெரியறாரே," என்றாள்.

இப்போது மூன்றாம் பகுதி. சிரிப்பு நின்றுவிட்டது. விரல் ஒரே வரியில் நிற்கிறது.

வியாழனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. கழற்றிப் பூசி மாட்ட நேரம் போதும், அவள் எழுந்து படுக்கையை விட்டுக் கொடுத்தால். வாசகரே, நீங்கள் அவளை முந்திவிட்டீர்கள். முடிவை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நான் பேனாவை மூடிவிட்டு அவள் முகத்தைப் பார்க்கப் போகிறேன்.