பதினொன்று முதல் இரண்டு வரை

தங்கியிருப்பவர்கள் பதினோரு மணிக்குக் காலி செய்ய வேண்டும். அடுத்தவர்கள் இரண்டு மணிக்கு வருவார்கள். இடையில் கிடைக்கும் மூன்று மணி நேரத்தில்தான் எட்டு மாதமாக அவளும் அவள் கணவனும் குடும்பம் நடத்தி வந்தார்கள். அவள் படுக்கை விரிப்பை மாற்றுவாள். அவன் குளியலறையைக் கழுவுவான். பேச்செல்லாம் ஒழுகும் குழாயைப் பற்றியும் காணாமல்போன கரண்டியைப் பற்றியும்தான்.

கட்டட வேலைகள் ஊரெங்கும் நின்றபோது லிஃப்ட் மெக்கானிக்கான அவனுக்கும் வேலை நின்றது. வீட்டுக் கடன் தவணை மட்டும் நிற்கவில்லை. விலைவாசி வாரத்துக்கு ஒரு முகம் காட்டும்போது மாத வாடகைக்கு விட்டால் கட்டுப்படியாகாது என்று, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மூன்றாம் மாடியிலிருந்த தங்கள் வீட்டை நாள் வாடகைக்கு விட்டார்கள். சொந்தத் துணிமணி, கல்யாணப் படம் எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் திணித்துப் பூட்டினார்கள். அவள் தன் அக்கா வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டு, அங்கிருந்தே மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குப் போனாள். அக்கா அவனையும்தான் கூப்பிட்டாள். மனைவியின் அக்கா வீட்டில் போய் உட்கார அவனுக்கு மனம் வரவில்லை. நண்பனின் பெயின்ட் பட்டறையில் பாய் விரித்தான்.

ஒரு வியாழக்கிழமை, வேலையெல்லாம் முடிந்த பிறகு, வரவேண்டியவர்கள் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். இருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. படுக்கையில் உட்கார்ந்தால் விரிப்பு கசங்கும். அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். அவள் கிளம்பலாம் என்று பையை எடுத்தாள். அப்போதுதான் அவனுக்கு இருமல் வந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

“எத்தனை நாளா?”

“பெயின்ட் நெடி. ஒரு மாசம் இருக்கும்.”

இந்த ஒரு மாதத்தில் இதே வீட்டில் ஒன்பது தடவையாவது சந்தித்திருப்பார்கள். அத்தனை தடவையும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு இருமியிருக்கிறான். தண்ணீரை இப்படி வீணாக்கலாமா என்று ஒருநாள் அவள் கடிந்துகொண்டாள். அவன் குழாயை மூடினான்.

பையைக் கீழே வைத்துவிட்டு வெந்நீர் போட்டாள். தண்ணீர் கொதிப்பதற்குள் அவனுடைய கைபேசி அடித்தது. யாரோ ஒரு குடும்பம், பேருந்து நிலையத்தில் நிற்கிறார்களாம். இரண்டு நாளைக்கு வேண்டும், கேட்டதைக் கொடுப்பார்களாம். அவன் கைபேசியைப் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தான். கால் அதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

“ஆள் இருக்காங்கன்னு சொல்லுங்க.”

“தவணைக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கு.”

“தெரியும். ஆள் இருக்காங்க. சொல்லுங்க.”

சொன்னான். பிறகு, நாளைக்கும் யாராவது கேட்டால் இதையே சொல்வதா என்று கேட்டான். அவள் வெந்நீர்த் தம்ளரை அவன் கையில் கொடுத்தாள்.

அலமாரியைத் திறந்து பழைய சட்டை ஒன்றை எடுத்து மாற்றிக்கொண்டான். விரிப்பு கசங்காதபடி கட்டில் ஓரத்தில் ஒருக்களித்துப் படுத்தவன், கொஞ்ச நேரத்தில் தூக்கத்தில் புரண்டு நடுவுக்கு வந்துவிட்டான். அவள் பட்டறை வாடை அடித்த சட்டையை இரண்டு தடவை அலசி, பால்கனிக்குக் கொண்டுபோய் உதறினாள். எதிர் பால்கனியில் நின்ற பெண், எட்டு மாதத்துக்கு முன்பு தினமும் இவளோடு பேசியவள், புதிதாக வந்திருப்பவர்களைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு மெதுவாக மறுபடியும் திரும்பினாள். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.