பன்னிரண்டாவது ஏப்ரனில் தீர்ந்த நூல்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பை ஒற்றை ஆள் மடிக்க முடியாது. இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி. உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்துவந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். என் தங்கச்சியும், ஒல்லிக்குச்சி என்று நாங்கள் கூப்பிடும் அவள் சிநேகிதியும் ஒன்பது வருஷம் அப்படி நடந்தவர்கள். வாய் மட்டும் ஒரு நிமிஷம் ஓயாது.

"என்னடி இழுப்பே இல்ல? சாப்பிட்டியா இல்லையா?"

"உன் இழுப்புக்கு நான் பறந்துடுவேன்டி. மெதுவா."

அங்கே நான் தையல்காரி. கிழிந்தது, அறுந்தது எல்லாம் என் மேஜைக்கு வரும். போன மாசம் மேற்பார்வையாளர், எல்லோருடைய ஏப்ரனும் ஓரம் பிரிந்துவிட்டது என்று இருபதையும் கொண்டுவந்து குவித்தார். பன்னிரண்டாவது ஏப்ரனோடு நீல நூல் தீர்ந்தது. டப்பாவில் மஞ்சள் கிடந்தது. மிச்சம் எட்டை அதில் தைத்தேன். நான் செய்த பாவம் அவ்வளவுதான்.

முதல் வாரம் வேடிக்கையாகத்தான் போனது.

"ஏய் மஞ்சள், அந்தக் கூடையைத் தள்ளு."

"நீலம் தள்ளட்டும். உடம்பு கொஞ்சம் வளையட்டும்."

இரண்டாம் வாரம் சாப்பாட்டு மேஜை இரண்டானது. மூன்றாம் வாரம் இஸ்திரிக்காரருக்கு வரலாறு தெரிய ஆரம்பித்துவிட்டது. அவர் நீலம்.

"இந்தக் கூடத்தை ஆரம்பிச்சதே நீலந்தான். மஞ்சள் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது."

"அண்ணே, ஆரம்பிச்சப்ப நீங்களே இங்க இல்லையே?"

"நான் இல்லாம இருந்திருக்கலாம். நீலம் இருந்துச்சு."

அந்தப் பக்கம் பாய்லர்க்காரர். பத்து வருஷமாகப் பாய்லரோடு மட்டும் பேசிக்கொண்டிருந்த மனுஷன். இப்போது கேட்க ஆள் கிடைத்ததும் குரலே மாறிவிட்டது.

"அவங்க பன்னெண்டு, நாம எட்டு. ஏன் எட்டு? யோசிங்க. நம்மளத் திட்டம் போட்டுக் கொறைச்சு வெச்சிருக்காங்க."

அடுத்து சட்டம் வந்தது. நீலம் நீலத்தோடுதான் மடிக்கணும், மஞ்சள் மஞ்சளோடுதான். மடிக்கிறவர்கள் பதினெட்டுப் பேர். நீலம் பதினொன்று, மஞ்சள் ஏழு. இரண்டு பக்கமும் ஒருத்தி மிஞ்சுவாள் என்பதை வரலாறு தெரிந்தவர் எண்ணிப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கத்தோடு ஒன்பது வருஷம் பழகியவளை யார் நம்பிச் சேர்த்துக்கொள்வார்கள்? இங்கே தங்கச்சி மிஞ்சினாள். அங்கே ஒல்லிக்குச்சி.

தங்கச்சி விரிப்பின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி இழுத்தாள். ஒல்லிக்குச்சி தள்ளுவண்டியில் கட்டி இழுத்தாள். விரிப்போடு வண்டியும் வந்தது.

"போய் அவகூட மடியேன்டி" என்றேன்.

"மஞ்சளோடயா? நீ வேற அக்கா."

"போன மாசம் வரைக்கும் உன் டப்பாவுல பாதி அவ வயித்துக்குத்தானே போச்சு?"

"அதைத்தான் இப்ப யோசிக்கிறேன். ஏன் பாதியைத் தின்னா? அவங்க கொணமே அதான்."

வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் வந்தார். "எல்லாரும் நூறு விரிப்பு மடிக்கிறாங்க. நீங்க ரெண்டு பேரும் முப்பதைத் தாண்டல. திங்கக்கிழமையும் இதே கதைன்னா வேற ஆள் பாத்துக்குவேன்."

தங்கச்சி புருஷனுக்கு ஆறு மாசமாக வேலை இல்லை. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. எனக்குப் பொறுக்கவில்லை. டீ நேரத்தில் நடுக்கூடத்தில் நின்று கத்தினேன்.

"நூல் தீந்துபோச்சுய்யா! நீலம் தீந்துது, மஞ்சள் இருந்துது, தைச்சேன். வேற ஒரு மண்ணும் இல்ல!"

இஸ்திரிக்காரர் மெல்ல எழுந்தார்.

"நூல் தானா எப்படிம்மா தீரும்? தீர்த்தது யாரு?"

பாய்லர்க்காரர் கண் கலங்கிவிட்டது. "அப்ப நாங்க மிச்சமா?"

இரண்டு பக்கமும் கைதட்டல். நீலத்துக்குத் தட்டியவர்களில் என் தங்கச்சியும் ஒருத்தி.

சனிக்கிழமை ஏப்ரன்களைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டுப் போவார்கள். நான் மட்டும் தங்கினேன். இருபதையும் பிரித்தேன். ஒரு புது வெள்ளை நூல்கண்டு வாங்கி வைத்திருந்தேன். இந்தத் தடவை இருபதுக்கும் போதுமா என்று முதலிலேயே அளந்து பார்த்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை.

"என் நீலம் எங்க?"

"எங்க மஞ்சள் எங்க?"

இஸ்திரிக்காரரும் பாய்லர்க்காரரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே ஏப்ரனைப் பிடித்துப் பார்த்தார்கள். பிறகு இருபது தலையும் ஒன்றாகத் திரும்பியது. ஏப்ரன் இல்லாத ஆள் அங்கே நான் ஒருத்திதான்.

"கேட்காம கை வெச்சிருக்கா பாத்தியா?"

"நம்ம இருபது பேரையும் ஒண்ணுமில்லாம ஆக்கப் பாத்திருக்கா."

"தனியா மூலையில உக்காந்திருக்கிறவ. நம்ம கஷ்டம் அவளுக்கு எங்க தெரியும்?"

'நம்ம'. அந்த வார்த்தை இருபது பேரையும் சேர்த்துப் பிடித்துக் கேட்டு ஒரு மாசம் ஆகியிருந்தது.

மதியத்துக்குள் மேஜைகள் ஒட்டிவிட்டன. அங்கே எனக்கு இடமில்லை. கிழிந்த துணியை என்னிடம் கொடுப்பதில்லை என்று முடிவானது. என் டப்பாவிலிருந்தே வெள்ளை நூலை எடுத்து ஆளுக்கு ஒரு துண்டு மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்கள். இஸ்திரிக்காரர் புது வரலாறு சொல்லிக்கொண்டிருந்தார்.

"இந்தக் கூடம் ஆதியிலேருந்தே வெள்ளைதான். இடையில நம்மளப் பிரிச்சவ யாருன்னு உங்களுக்கே தெரியும்."

"அன்னைக்கே சொன்னேன்ல, திட்டம்னு" என்றார் பாய்லர்க்காரர்.

ஜன்னல் கம்பி சும்மா இருந்தது. தள்ளுவண்டி போட்ட இடத்தில் நின்றது. தங்கச்சி ஒரு முனையைப் பிடித்திருந்தாள், ஒல்லிக்குச்சி மறுமுனையை. பக்கத்தில் மடித்த அடுக்கு அவர்கள் இடுப்பைத் தாண்டிவிட்டது. என் காதில் விழட்டும் என்றே பேசினார்கள்.

"கூடப் பொறந்தவன்னு சொல்லிக்கவே வெக்கமா இருக்குடி."

"அவ கெடக்கா, விடு. நான் அன்னைக்கே நெனச்சேன், அந்த மூஞ்சியே சரியில்லன்னு."

"எங்கம்மா சாயல்டி அது."

"உனக்கு அந்தச் சாயல் இல்ல. பொழச்சே."

"சரி சரி, இழுத்துப் பிடி. மூலை சேரல, இன்னும் கிட்ட வா."

வந்தாள்.