தொலைந்த பொருட்கள் பக்கத்தின் அடியில்

ஆலோசகர் முதல் ஸ்லைடைப் போட்டார். அதில் வேறொரு கம்பெனியின் பெயர் இருந்தது. ஏதோ பால் பண்ணை.

"அது கன்டென்ட் பிரச்சினை," என்றார், முகம் மாறாமல். "நான் பேச வந்தது லாஜிக்கைப் பத்தி."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் அந்தப் பதிலையும் குறித்துக்கொண்டார்.

அது ஒரு பேருந்துக் கம்பெனி. நேர அட்டவணை, வழித்தட மாற்றம், தொலைந்த பொருட்கள் என்று அதன் இணையதளத்தில் நானூற்றுப் பதினொரு பக்கங்கள். எல்லாம் எக்ஸ்எம்எல்லில் எழுதியவை. இது தலைப்பு, இது பத்தி, இது வண்டி எண் என்று ஒவ்வொன்றையும் ஒரு குறிக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். அந்தக் குறிகளுக்கு நடுவே, அரிசியில் கல் மாதிரி, புரோகிராமும் கிடந்தது. ஞாயிறாக இருந்தால் இதைக் காட்டு, கடைசி வண்டி போய்விட்டால் அதைக் காட்டு என்கிற நிபந்தனைகள்.

"பக்கம் பேசும், யோசிக்காது. புரோகிராம் யோசிக்கும், பேசாது. ரெண்டையும் பிரிச்சாகணும்," என்றார் ஆலோசகர்.

மேனேஜருக்கு முதல் வாக்கியம் ரொம்பப் பிடித்துப்போனது. இத்தனை வருஷம் தான் கடைப்பிடித்து வந்த முறைக்கு ஒரு பெயர் கிடைத்த சந்தோஷம். மறுநாளே அதைச் சட்டம் போட்டு மாட்டினார். பிரிப்பதை மேசையிலும் காட்ட வேண்டும் என்று பக்கத்துக்கும் லாஜிக்குக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்பும் வைக்கச் சொன்னார்.

லாஜிக் என்பது அங்கே ஓர் ஆளின் பட்டப்பெயர். புரோகிராம் எழுதுகிறவர். பக்கம் என்பதும் ஒரு ஆள்தான், பக்கங்களை எழுதியவர். பத்தொன்பது வருஷம் இருவருக்கும் ஒரே மேசை, ஒரே ஃபைல். அவர் ஒரு வரி எழுதுவார், அதற்கு நடுவிலேயே இவர் ஒரு நிபந்தனையைச் செருகுவார். "என் வீட்டுக்குள்ள வந்து படுத்துக்கிறியேடா," என்று பக்கம் திட்டுவார். "உன் வீட்டுக்கு மூளைன்னு ஒண்ணு வேணாமா?" என்பார் லாஜிக்.

தடுப்பு வந்தபோது பக்கம் உட்கார்ந்த நாற்காலி காலியாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது பக்கம் சொன்னது இதுதான்: "உன் பொறந்த நாளன்னைக்குத் தொலைஞ்ச பொருள் பக்கத்தைப் பாரு. கீழே வரைக்கும் பாரு. ஆனா ஃபைலைத் தொறக்காதே. தொறந்தேன்னா கெட்ட கோபம் வரும்."

அவர் போன பிறகு வந்த முதல் பிறந்த நாளன்று லாஜிக் பார்த்தார். குடை ஏழு, மூக்குக் கண்ணாடி நான்கு, ஒற்றைச் செருப்பு ஒன்று. அதற்கும் கீழே பொடி எழுத்தில்: "அம்பது. இனிமே தலைமுடியைச் சீவ வேணாம், எண்ணிடலாம்." மறுநாள் அந்த வரி இல்லை. அடுத்த வருஷம் அதே நாளில் இன்னொரு வரி. அந்த வருஷம் ஒரு பயணி புகார் எழுதினார்: எனக்கு வயது ஐம்பத்தொன்று அல்ல, அறுபத்து நான்கு, என் கண்ணாடி எங்கே?

லாஜிக் ஃபைலைத் திறக்கவில்லை. திறந்தால் வரப்போகிற வருஷங்களின் வரிகளும் தெரிந்துவிடும். தனியாக இருக்கிற மனுஷனுக்கு வருஷத்துக்கு ஒரு வரி. அக்காவும் கூப்பிடுவாள்தான், இரண்டு நாள் கழித்து, ஞாபகம் வந்ததே பெரிய விஷயம் என்கிற தொனியில்.

நான்கு மாதத்தில் நானூற்றுப் பத்து பக்கங்களைச் சுத்தம் செய்தார். நிபந்தனைகளை எல்லாம் பிடுங்கித் தனி ஃபைலில் வைத்து, பக்கத்தில் அந்தந்த இடத்தில் ஒரு குறியை மட்டும் விட்டார். ஆலோசகரிடம் நிபந்தனைகளை எண்ணும் கருவி ஒன்று இருந்தது. அது மிச்சம் பதினொன்று என்று காட்டியது. எல்லாம் தொலைந்த பொருட்கள் பக்கத்தில்.

வயதுக்கு ஒன்று, ஐம்பதிலிருந்து அறுபது வரை. அறுபதில் ரிட்டயர்மென்ட். அப்போதுதான் லாஜிக்குக்கே கணக்குப் புரிந்தது. மூன்று வரி முடிந்தது, எட்டு பாக்கி.

இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு சின்னப் புரோகிராம் எழுதினார். அது வரிகளைத் தனி ஃபைலுக்கும் வயதுக் கணக்கை லாஜிக் ஃபைலுக்கும் தானாகக் கொண்டு போய்விடும். மனிதக் கண் எதுவும் படாது.

"டெக்னிக்கலா ரொம்ப சுத்தம் சார்," என்றார் ஆலோசகர்.

மேனேஜர் விடவில்லை. "பயணிங்க கண்ணுல படுற எந்த வாசகமா இருந்தாலும் மொழிக்குழு பாக்கணும்."

"மொழிக்குழுன்னா யாரு சார்?"

"நான்தான்."

பெரிய திரையில் ஃபைலைத் திறந்தார்கள். லாஜிக் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். மேனேஜர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஆண்டறிக்கை வாசிக்கிற குரலில் வாசித்தார்.

"அம்பது. இனிமே தலைமுடியை... என்னய்யா இது, கம்பெனி வாசகமா? 'ஐம்பதாம் அகவை காணும் அன்பருக்கு நிர்வாகத்தின் நல்வாழ்த்துகள்'னு மாத்துங்க."

"யார் அன்பர்னு ஸ்டாஃப் லிஸ்ட்லேருந்து எடுத்துக்கலாம் சார். எல்லாருக்கும் பொதுவாயிடும்," என்றார் ஆலோசகர்.

"பிரமாதம். அடுத்தது. அம்பத்தொண்ணு..."

வாசித்து, திருத்தினார். ஐம்பத்திரண்டையும் வாசித்து, ஒரு ஒற்றெழுத்தைக் கண்டித்தார்.

"அம்பத்து மூ..."

"வேணாம் சார்."

இரண்டு பேரும் லாஜிக்கைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வாசிக்க வேணாம். மொத்தத்தையும் எடுத்துடறேன்."

"ரெண்டு நாள் வேலை செஞ்சிருக்கீங்களே சார்?" என்றார் ஆலோசகர்.

"பரவாயில்லை. அழிச்சிடறேன்."

அழித்தார். கருவி பூஜ்யம் காட்டியது. மேனேஜர் கை தட்டினார். அவர் தட்டியதால் மற்றவர்களும் தட்டினார்கள். ஆலோசகர் கொடுத்த சான்றிதழ், சட்டம் போட்ட வாசகத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. அதில் பால் பண்ணையின் பெயரை அடித்துவிட்டு எழுதியிருந்தார்கள்.

அழிப்பதற்கு முன் லாஜிக் செய்த ஒரு காரியம் யாருக்கும் தெரியாது. அந்த ஒரு பக்கத்தையும், அதை ஓட்டுகிற பழைய புரோகிராமையும், திறக்காமலே வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு போயிருந்தார்.

பிறந்த நாள் ஆறு வாரம் கழித்து வந்தது. கம்ப்யூட்டரின் தேதியை மாற்றி மாற்றிப் பார்த்தால் எட்டு வரியையும் படிப்பது ஒரு நிமிஷ வேலை. ஆறு வாரமும் அவர் கை அங்கே போகவில்லை. காலையில் குளித்து, துவைத்த சட்டை போட்டு, நாற்காலியில் காய்ந்துகொண்டிருந்த துணியை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். பக்கத்தைத் திறந்தார்.

குடை பதினான்கு, கண்ணாடி ஆறு, ஒற்றைச் செருப்பு ஒன்று. கொண்டு வந்த அன்றைக்கு இருந்த பட்டியல். இங்கே இனி எதுவும் தொலையாது, எதுவும் கிடைக்காது. கீழே வரைக்கும் போனார்.

"அம்பத்து மூணு. இன்னும் ஃபைலைத் தொறக்கலையேடா?"

"தொறக்கலடா," என்றார் லாஜிக், சத்தமாகவே. பக்கத்து வீட்டுக் குக்கர் ஒரு விசில் விட்டது. பக்கத்தை மூடினார். ஆபீசுக்கு நேரமாகியிருந்தது.