கண்ணாடிக் கடையில் பிச்சை

லோஜினி தன் தகப்பன் பெயரை முழுதாக எழுதுவதே இல்லை. பி. லோஜினி, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் இடாப்புக் கூப்பிடும்போது "பிச்சை லோஜினி" என்றதும் பின்வரிசை வாங்கிலிருந்து யாராவது கையேந்திக் காட்டுவார்கள். படித்து முடித்து வேலைக்குப் போகிற வயதிலும் அந்தக் கைகள் அவளுக்கு மறக்கவில்லை.

கண்டி டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்தது. முதலாளி சுவர்ணா மிஸ், சட்டையில் குத்தும் பெயர்ப் பட்டிக்காக முழுப் பெயரையும் ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார். லோஜினி வேண்டுமென்றே கிறுக்கினாள். தகப்பன் பெயர் புழுப்போல நெளிந்தது. வாசிக்க முடியாவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள்.

பிலிமத்தலாவையில் பட்டி வெட்டும் சிங்களவர் விடவில்லை. கடைசியில் இருந்த 'i' மட்டும் அவர் கண்ணில் படவில்லை. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் "பிச்ச லோஜினி" என்று வெட்டி அனுப்பிவிட்டார்.

புதுக் கண்ணாடி மாட்டியவர்கள் கண்ணெதிரே இருப்பதைத்தான் வாசித்துப் பார்ப்பார்கள். எதிரே நின்றது லோஜினியின் பட்டி. குண்டசாலையிலிருந்து வந்த ஒரு சிங்களப் பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்து, "பிச்ச" என்று மெதுவாக வாசித்துவிட்டுச் சிரித்தார். லோஜினிக்கு முகம் சூடானது. அடுத்து வந்த அம்மாவும் வாசித்தார், சிரித்தார். ஆனால் அது பின்வரிசைச் சிரிப்பாக இல்லை. ஏதோ நல்லதைக் கண்ட சிரிப்பு. ஏனென்று தெரியாமல் அவளுக்கு வேலையே ஓடவில்லை.

மூன்றாவதாக வாசித்த சிங்கள டீச்சரிடம் கேட்டே விட்டாள்.

"பிச்ச என்றால் பூ, மகள்," என்றார் டீச்சர் சிங்களத்தில். "வெள்ளையாக, வாசமாக இருக்குமே. உங்கள் வீட்டார் பூத்தோட்டக்காரர்களா?"

மல்லிகையைத்தான் சொல்கிறார். லோஜினி பழகிய சிங்களத்தில் லென்ஸும் பிரேமும் விலையும் இருந்தன, பூக்கள் இல்லை. அன்று அவள் பட்டியைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் குத்திக்கொண்டாள்.

அடுத்த வாரம் அப்பா கண் பார்க்க வந்தார். பேராதனையில் ஒரு சிங்கள வீட்டம்மாவிடம் தோட்டம் பார்க்கிறவர், சிங்களம் நன்றாக வாசிப்பார். கண்ணாடியை மாட்டியதும் அவரும் பட்டியைத்தான் பார்த்தார்.

"என்னம்மா, என் பேரு தேஞ்சு கெடக்கு?"

"தப்பா வாசிச்சு வெட்டிட்டாங்கப்பா. ஆனா சிங்களத்துல அது மல்லிகப்பூவாம்."

"எனக்குத் தெரியாதா? நோனா வீட்டுல அந்தச் செடிக்கு நாந்தான தண்ணி ஊத்துறேன். நோனாவும் என்னைய பிச்சன்னுதான் கூப்பிடுறாங்க."

"ஏம்ப்பா நீங்க எங்கிட்ட சொல்லல?"

"நீதான் என் பேர வாயிலயே எடுக்க மாட்டியே." குரலில் கோபம் இல்லை. "எனக்கு முன்னால பொறந்தது ஒண்ணும் தங்கல. எங்கம்மா தோட்டத்து லயம் பூரா வீடு வீடா மடியேந்தி அரிசி வாங்கி, அதக் காச்சி எனக்கு ஊட்டி வச்ச பேரு. அவுங்க வச்சது பூ இல்ல."

லோஜினி பட்டியைக் கழற்றி மேசையில் வைத்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் சுவர்ணா மிஸ் கணக்கு எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

"வேற பட்டி எடுக்கவா?" என்று கேட்டார்.

"எடுங்க மிஸ். நான் எழுதித் தாறேன்."

இந்த முறை அவள் ஒவ்வொரு எழுத்தாக, அச்சடித்ததுபோல, தகப்பன் பெயரை எழுதினாள். எழுதி முடிப்பதற்குள் வாடிக்கையாளர் ஒருவர் வந்துவிட்டார். தன் பெயரை ஒரே இழுப்பில் இழுத்துக் கொடுத்தாள்.

பட்டி வந்தது. "பிச்சை" பிழையில்லாமல் இருந்தது. பக்கத்தில், அவள் இழுத்த 'j' 'r' ஆகி, "லொறினி" என்று இருந்தது.

சுவர்ணா மிஸ் அதைத் தூரப்பிடித்தும் கிட்டப்பிடித்தும் பார்த்தார். "மூணாவது தரம் அந்த மனுஷன்ட்ட போக எனக்கு ஏலாது, லொறினி," என்றார்.

அப்பா போனில் இதைக் கேட்டுவிட்டு, தேயிலை ஏத்துற லொறியா என்று வெகுநேரம் சிரித்தார். லோஜினி அதையே குத்திக்கொண்டு வேலைக்குப் போகிறாள். புதுக் கண்ணாடி மாட்டியவர்கள் இரண்டு பெயரையும் வாசித்துவிட்டு இது என்ன என்று கேட்கிறார்கள். பிச்சையைப் பற்றி அவளே விளக்கமாகச் சொல்கிறாள். லொறியைப் பற்றி மிஸ்ஸிடம் கேட்கச் சொல்கிறாள்.