மூன்றாவது சிலிண்டர்

அத்தானின் காரில் மஞ்சள் இஞ்சின் விளக்கு முதன்முதலாக எரிந்தபோது நான் சிரித்தேன். "இதுக்கெல்லாமா ஓடி வருவீங்க? உங்களப் பாத்துக் கண்ணடிக்குதுன்னு வெச்சுக்குங்க" என்றேன். வாய்க்கொழுப்பு. இருபது வருஷமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறவனுக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

அத்தான் சிரிக்கவில்லை. அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள், ஒரு மணி நேரம் பயணம் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வர வேண்டும். அந்தக் கார் ஓடினால்தான் அக்கா இருப்பாள். அவ்வளவுதான் விஷயம்.

ஸ்கேனரைச் செருகினேன். மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று காட்டியது. பிளக்கை மாற்றி, விளக்கை அணைத்து அனுப்பினேன். ஒன்பதாம் நாள் திரும்ப எரிந்தது. பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலை மாற்றினேன். திரும்ப எரிந்தது. இன்ஜெக்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, அத்தான் மறுபடி வாசலில் நின்றார்.

"காலையில ஸ்டார்ட் பண்றப்ப மட்டும் உதறுது மாப்ள. அப்புறம் சரியாயிடுது."

காலையில் மட்டும் உதறினால், நிறுத்தி வைத்திருக்கும்போது இஞ்சினுக்குள் தண்ணீர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இது எனக்குத் தெரியாததில்லை. பானெட்டைத் தூக்கினேன். இஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் டப்பாவில் கோடு வரை இருந்தது, ஒரு சொட்டுக் குறையவில்லை. அதன் பச்சை நிறம்தான் வெளுத்துப் போயிருந்தது. பார்த்தேன். பழசாகியிருக்கும் என்று நினைத்து மூடிவிட்டேன்.

"தண்ணியெல்லாம் ஒழுங்கா பாக்குறீங்களா, இல்ல அதுக்கும் நான்தான் வரணுமா?"

"தினம் பாக்குறேன் மாப்ள."

பின்சீட்டில் உட்கார்ந்திருந்த அக்கா கண்ணாடியை இறக்கினாள். "டேய், அவர எதுக்குடா அதட்டுற? என் டாக்டரும் மாத்திரைய மாத்தி மாத்தித்தான் பாக்குறாரு. அவரு ஒரு நாளாவது கத்துறாரா?"

எல்லாரும் சிரித்தோம். அடுத்து நான் சென்ஸாரைச் சந்தேகப்பட்டேன். அதையும் மாற்றினேன்.

பதினைந்து நாள் கழித்து, டயாலிசிஸுக்குப் போகிற வழியில், வீடு வாசல் எதுவும் இல்லாத இடத்தில் கார் நின்றுவிட்டது. அத்தான் போன் செய்தபோது நான் வேறு ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன், மணி அடித்தது கேட்கவில்லை. கேட்டு, ஓடி, போய்ச் சேர்வதற்குள் மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் அக்காவின் முறை போய்விட்டிருந்தது. மறுநாள் காலையில் முதல் ஆளாக வரச் சொன்னார்கள். மறுநாள் காலையில் அக்காவின் நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டது. மூச்சுக்குத் தவித்துத் தவித்து, என் வண்டியிலேயே, என் கையைப் பிடித்தபடி போய்ச் சேர்ந்தாள்.

இருபது நாள் அந்தக் காரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. மூலையில் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். பிறகு ஒரு மத்தியானம், என்னதான் நடந்தது என்று தெரியாமல் சோறு இறங்காது என்று தோன்றவே, இஞ்சினின் மேல்பாதியைக் கழற்றினேன்.

நான்கு பிஸ்டன்களில் மூன்று கரி பிடித்துக் கறுத்திருந்தன. மூன்றாவது சிலிண்டரில் இருந்தது மட்டும் தேய்த்துக் கழுவிய பாத்திரம்போலப் பளபளத்தது. தண்ணீர் இறங்கி, ஆவியாகி, வாரக்கணக்கில் கழுவியிருக்கிறது. தண்ணீர் உள்ளே இறங்காமல் அடைக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருந்தது. முதல் வாரமே பார்த்திருந்தால் ஒன்றரை நாள் வேலை.

ஆனால் தண்ணீர் குறையவே இல்லையே? போய் டிக்கியைத் திறந்தேன். பழைய துணிகளுக்குக் கீழே ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்று இருந்தது.

அத்தானுக்குப் போன் செய்தேன். வந்தார். தாடி வளர்ந்து, சட்டை தொளதொளத்து, பாதி ஆளாகியிருந்தார். கேனைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கியது.

"உங்க அக்கா வெச்சது. ரெண்டு வருஷம் முன்னாடி ரேடியேட்டர் காஞ்சு போச்சுன்னு கஸ்டமருங்க முன்னாடி என்னைய வாங்கு வாங்குன்னு வாங்குன பாரு, அதுலேர்ந்து அவளுக்குப் பயம். தினம் காலையில அவளே குழாயில புடிச்சுக் குடுப்பா. 'ரொப்பிட்டு எடுங்க, கொறஞ்சிருந்தா தம்பி கத்துவான்'னு. இங்க வர்ற அன்னிக்கு ரெண்டு தடவ பாக்கச் சொல்லுவா."

அவளுக்குக் குடிக்க டாக்டர் விட்ட அளவு ஒரு நாளைக்கு மூன்று டம்ளர்தான்.

அத்தான் திறந்து கிடந்த இஞ்சினைப் பார்த்தார். அவருக்கு அதில் ஒன்றும் புரியாது. "அந்தத் தண்ணிக்கும் வண்டி நின்னதுக்கும் சம்பந்தம் இருக்கா மாப்ள? நாங்க ஏதாவது தப்புப் பண்ணிட்டமா?"

"இல்ல அத்தான். உள்ள ஒரு பார்ட் உடைஞ்சிருக்கு. யாரு பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது."

அவரிடம் நான் குரலை உயர்த்தாமல் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவர் நம்பினார். நம்பாமல் என்ன, சொன்னவன் மெக்கானிக் ஆயிற்றே.

"அப்பச் சரி. நீயும் மனசப் போட்டுக் கொழப்பிக்காத" என்று என் முதுகைத் தட்டிவிட்டு, கேனை எடுத்துக்கொண்டு நடந்தார். அக்கா பிடித்து வைத்த தண்ணீர் அதில் இன்னும் பாதி இருந்தது.