ட்ரெவர் ஹஸ்கினின் ஏரி

ட்ரெவர் ஹஸ்கின் விடுமுறை முடிந்து கேரவனை இழுத்துக்கொண்டு கிளம்பிய ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை, ரோட்டோமாரி ஏரி ஒன்பது கிலோமீட்டர் அவர் பின்னாலேயே போனது. அன்று வெயில் இருபத்தாறு டிகிரி. கேம்ப் மைதானத்தில் மின்சார வசதியுள்ள இடத்துக்கு நாளொன்றுக்கு நாற்பத்தாறு டாலர். மைதானத்தைப் பார்த்துக்கொள்பவன் நான் என்பதால் இந்த மூன்றையும் அடித்துச் சொல்வேன்.

தப்பு செவ்வாய்க்கிழமையே நடந்துவிட்டது. திங்களன்று ட்ரெவரும் மனைவி கிளெனிஸும் புகேமாரு மலையில் எங்கள் முன்னோர் கட்டிய கோட்டைப் படிவரிசைகளைப் பார்த்தார்கள், வெந்நீர் ஊற்றில் கால் நனைத்தார்கள். மறுநாள், பூர்வகுடிகளான நாங்கள் கூடும் திடலான மராயேவுக்கு வந்தார்கள். அங்கே சிற்பங்கள் செதுக்கிய கூடத்துக்கு முன்னால் நின்று பேசுகிறவர் முதலில் தன் மலையைச் சொல்வார், பிறகு தன் தண்ணீரை, கடைசியில்தான் தன் பெயரை. ட்ரெவர் பாமர்ஸ்டன் நார்த் நகரில் முப்பது வருடம் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அலுவலகத்தில் நடந்த இரண்டு நாள் பயிற்சியில் இதை மனப்பாடம் செய்திருந்தார். தன் ஊர்ப்பக்கத்து ஆற்றைச் சொல்லியிருந்தால் போதும். எங்கள் ஏரி அழகாக இருக்கிறதே என்ற ஆசையில், புகேமாரு என் மலை, ரோட்டோமாரி என் ஏரி என்று கணீரென்று சொல்லிவிட்டார். முதலில் கைதட்டியது நான்தான். எதற்கெடுத்தாலும் கைதட்டிவிடுவது என் வழக்கம்.

சனிக்கிழமை வண்டி வளைவு திரும்பும்போது கிளெனிஸ் சொன்னாளாம்: "ட்ரெவர், கண்ணாடியப் பாரு."

"லாரியா? ஒதுங்கி வழி விட்டுடுறேன்."

"ஏரி."

கேரவன் இழுப்பவர்கள் பின்னால் சேரும் வண்டிகளுக்கு ஒதுங்கி வழிவிடுவது எங்கள் நாட்டு மரியாதை. ட்ரெவர் ஒதுங்கினார். ஏரியும் வாத்துகளோடு ஒதுங்கி நின்றது. இங்கே எங்கள் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன, விலாங்கு மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. மதியத்துக்குள் இருவரும் திரும்பி வந்தார்கள், ஏரியும் தன் பள்ளத்தில் வந்து படுத்தது.

மராயேவின் சமையற்கட்டும் சண்டைகளும் மெரெயானா ஆன்ட்டியின் பொறுப்பு. அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்: "யாருப்பா உன்னைய எங்க ஏரிய உன்னுதுன்னு சொல்லச் சொன்னது?"

"பயிற்சியில அப்படித்தான்..."

"மலையும் உன்னுதுன்னுதானே சொன்ன? நல்லவேளை, அதுக்கு முட்டி வலி."

ட்ரெவர் கரையில் நின்று, நீ என் ஏரி இல்லை என்று மூன்று தடவை சொன்னார். அதைக் கேட்டுக்கொண்ட ஏரி, மறுநாள் அவர் கழிவறைக்குப் போனபோதும் கூடவே போனது. அந்தக் கட்டடத்தை நான் நான்கு நாள் துடைத்தேன்.

அப்போது அவர் மகள் ஜோஸ்லினுக்கு எட்டாம் மாதம். குழந்தை பிறக்கும் நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டும் என்று எங்களிடம் கெஞ்சினார். நாங்கள் ஒரு மணி நேரம் கூடிப் பேசினோம். அவர் போனால் ஏரியும் போகும். எங்களைப் போல விருந்தோம்பத் தெரிந்தவர்கள் அக்கம்பக்கத்தில் கிடையாது. ஆகவே அன்போடு கேரவனின் சக்கரங்களைக் கழற்றினோம். நட்டுகளைத் தகர டப்பாவில் போட்டு, மேலே அவர் பெயரையும் எழுதி வைத்தோம்.

கிளெனிஸ் காரை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். "மூணு வாரத்துல வந்துடுறேன்" என்றார் ட்ரெவர். அவள் போனபோது தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. ஊருக்குப் போய், அவர் வேறொருத்தியோடு தங்கிவிட்டார் என்று சொல்லிவிட்டாள். ஏரி என்று சொல்வதைவிட அது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஜோஸ்லினும் அதையே நம்பினாள். அப்பா குரல் கேட்டதும் போனை வைத்துவிடுவாள்.

பதினோரு வருடம் ஓடியது. ஏரிக்கு உறவு என்றால் எங்களுக்கும் உறவுதானே. சாவு வீடு எதுவானாலும் தட்டு துடைக்கும் வேலை ட்ரெவருக்கு. முதல் வருடம் ஒன்பது தட்டு உடைத்தார். பிறகு அவரளவுக்குத் துடைக்க ஆளில்லை. மாதம் ஒருமுறை கணவாய் வரை நடந்து போய்ச் சாலையைப் பார்ப்பார். பின்னாலேயே ஏறி வந்து தண்ணீர் கணுக்காலைத் தொடும். எங்கள் படகுகளை நினைத்துத் திரும்பிவிடுவார். அதற்காக யாரும் அவருக்கு நன்றி சொன்னதில்லை, என்னையும் சேர்த்து.

ஒரு மார்ச் மாதம், தோளில் துணியோடு, பாதி துடைத்த தட்டோடு இறந்துபோனார். ஜோஸ்லின் வந்தாள், கூடவே தாத்தாவைப் பார்த்தேயிராத பதினோரு வயதுப் பெண். எங்கள் வழக்கப்படி சடலத்துக்காக இரு தரப்பும் மல்லுக்கு நிற்க வேண்டும். கத்தலாம், அழலாம், பழைய கதையைத் தோண்டலாம். எவ்வளவு சண்டையோ அவ்வளவு பாசம். மூன்றாம் தடவை கேட்டதும் விட்டுக்கொடுப்பதென்று முன்பே பேசி வைத்திருந்தோம். ஏரி கூடவே போனால் போகட்டும், அந்த மனுஷன் இப்போதாவது வீட்டுக்குப் போகட்டும் என்று மெரெயானாவே சொல்லியிருந்தாள்.

மெரெயானா சவப்பெட்டியருகே உட்கார்ந்து ஆரம்பித்தாள்: "இவன் எங்க ஆளு! பெத்த பொண்ணு எங்க போயிருந்தா இத்தன நாளா? இங்கதான் படுப்பான், எவ வந்து கேட்டாலும் தரமாட்டோம்!"

ஜோஸ்லின் முகம் வெளுத்தது. "சரிங்க. உங்களுக்கு எது சௌகரியமோ."

மெரெயானாவின் வாய் அடுத்த வரிக்குத் திறந்தபடியே நின்றது. "அவ்வளவுதானா?"

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்."

திருப்பிக் கேள் என்று யாராவது ஜோஸ்லின் காதில் ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். மிக அருகில் இருந்தவன் நான். குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். என் ஷூவில் லேஸ் கிடையாது.

செவ்வாய்க்கிழமை மேட்டு இடுகாட்டில் அடக்கம் செய்தோம். வெளியே வரும்போது வாசலில் எல்லோரும் கை கழுவினோம். ஜோஸ்லினும் எங்களைப் பார்த்துக் கழுவினாள். சக்கரங்களை நானே மாட்டினேன், டப்பாவில் ஒரு நட்டும் குறையவில்லை. கேரவனை இழுத்துக்கொண்டு போனவள் வளைவில் ஒதுங்கி நின்று நெடுநேரம் வழிவிட்டாள். பின்னால் எதுவும் வரவில்லை.

மறுநாள் காலை ஏரி மேட்டின் மேல் இருந்தது, மற்றவர்களின் கல்லறைகளுக்கு இடம் விட்டு, ட்ரெவரின் கல்லறையைச் சுற்றி. அந்த வாரமே படகுத்துறையை மேலே மாற்றினோம். பழைய பள்ளத்தில் புல் முளைத்து, இப்போது இன்னும் முப்பது கேரவன்கள் நிற்க இடமிருக்கிறது. வருகிறவர்கள் ஏரி எங்கே என்று கேட்டால் மேலே கை காட்டுகிறோம்.