இடது ஓரத்தில் படுத்திருந்தவன்

கேலன் தெரியோ எங்கள் ஊர்க் கல்லூரியில்தான் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தான். பேர்பெற்ற கல்லூரி இல்லை. லூசியானாவிலிருந்து யாரும் கவனிக்காமல் வந்து சேர்ந்த பையன். நான் ஹெரன்ஸ் அணிக்கு ஆள் தேடுகிறவன். சனிக்கிழமைதோறும் ஏதாவது ஒரு கல்லூரி மைதானத்தில் குளிரில் விறைத்து உட்கார்ந்திருந்து, கல்லூரிப் பையன்களை அணிகள் முறைவைத்துப் பிரித்தெடுக்கும் ஏப்ரல் டிராஃப்டில் யாரை எடுக்கலாம் என்று சொல்வது என் பிழைப்பு.

பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்குகளில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம், முன்னால் தடியன்கள் அரண் கட்டி நிற்க, பின்னால் நிம்மதியாக நின்று பந்தை எறியும். இன்னொரு ரகம், அரண் உடைந்தால் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு தானே பாய்ந்துவிடும். கேலன் இரண்டாவது ரகம். அவனைப் பிடிக்க வந்தவர்கள் காற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுவதை நான் இரண்டு வருடம் பார்த்திருக்கிறேன்.

எங்கள் அணி அந்த மாதிரிப் பையனை எடுத்து ரொம்ப காலம் ஆகியிருந்தது. கடைசியாக எடுத்தது ராயல் விட்லோவை. நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய கதை அது. இரண்டாவது வருடமே முழங்கால் முறுக்கிக்கொண்டு விழுந்தான், வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள், அதோடு சரி. அதற்குப் பிறகு அணியின் முதலாளியம்மா ஓடுகிறவன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். நிற்கிறவர்களாகப் பார்த்து எடுத்தோம். அவர்கள் நின்றார்கள். நாங்கள் தோற்றோம்.

அந்த வருடம் புதிதாக வந்த கோச் பிரானிகன்தான் வழக்கத்தை உடைத்தார்.

"ஏம்ப்பா ஓடெல், கால் இருக்கிற பையனா ஒருத்தனக் காட்டுப்பா. தூண வெச்சு ஆடினதெல்லாம் போதும்."

"ஊர்லயே ஒருத்தன் இருக்கான் கோச்."

உள்ளூர்க் கல்லூரிப் பையன் என்பதால் அவனை எங்கள் இடத்திலேயே ஓடவிட்டுப் பார்க்க விதியில் இடமிருந்தது. பயிற்சி மைதானத்தில் புல் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால் பெரிய ஸ்டேடியத்தையே திறந்துவிட்டார்கள். வியாழக்கிழமை, நல்ல மதிய வேளை. வெயில் இருந்தது, சூடு இல்லை. ஏரிக்காற்றில் காலி இருக்கைகள் வரிசை வரிசையாக ஆடி முனகிக்கொண்டிருந்தன.

எறிவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு ஓடச் சொன்னோம். இடது ஓரக் கோட்டை ஒட்டி, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை. அம்பு மாதிரிப் போனான். பாதி தாண்டியதும் ஓர் இடத்தில் சட்டென்று உள்பக்கம் வளைந்து, மறுபடி கோட்டுக்கு வந்தான். திரும்பி வரும்போதும் அதே இடத்தில் அதே வளைவு. மறுபடி ஓடச் சொன்னோம். மறுபடியும் வளைந்தான்.

"என்னய்யா, தண்ணி தேங்கியிருக்கா அங்க?" என்றார் கோச்.

நான் நடந்து போய்ப் பார்த்தேன். உலர்ந்த புல். காலால் அழுத்திப் பார்த்தேன். பள்ளம் கிடையாது, கல் கிடையாது. கேலன் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு, என் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்க மிதிக்காதீங்க சார்," என்றான் தாழ்ந்த குரலில்.

"ஏன் தம்பி?"

"சிரிப்பீங்க. யாரோ படுத்திருக்காங்க சார்."

"கண்ணுக்குத் தெரியுதா உனக்கு?"

"கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. ஆனா கால் வைக்க வரல. விளக்கில்லாத ரூம்ல தரையில யாராவது தூங்கினா, பாக்காமலே நமக்குத் தெரியும் பாருங்க, அந்த மாதிரி."

இதற்குள் கோச் வந்துவிட்டார். "என்ன ரெண்டு பேரும் ரகசியம் பேசறீங்க? டேய் பையா, நேரா ஓடு. அந்த இடத்து மேலயே கால் வெச்சு ஓடு. புல்லுக்கே ஒதுங்கறவன் நாளைக்கு முந்நூறு பவுண்டு ஆளு வந்தா என்ன பண்ணுவ?"

கேலன் கோட்டின் கடைசிக்குப் போய்த் தொடங்கினான். நேராக ஓடினான். அந்த இடத்தில் இடது பாதம் பதிந்ததும் யாரோ கணுக்காலைப் பற்றியதுபோல் தடுமாறி, முழங்கால் ஊன்றி விழுந்தான். எழுவதற்கு முன் தரையைத் தொட்டு, "மன்னிச்சுக்கோங்க," என்று சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

கோச்சுக்கும் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் வாட்சைப் பார்த்துக்கொண்டு, "சாப்பிடப் போலாம்," என்றார்.

மறுநாள் காலை ஆபீசில் உட்கார்ந்து ராயல் விட்லோ விழுந்த ஆட்டத்தின் படத்தைப் போட்டேன். அந்த இடத்தை மிதித்த உள்ளங்கால் கூசிக்கொண்டே இருந்தது. படத்தில் ராயல் இடது ஓரமாக ஓடி வருகிறான். இரண்டு பேர் இரண்டு பக்கமிருந்து மோதுகிறார்கள். படத்தை அங்கேயே நிறுத்தினேன். நான் நேற்று ஷூவால் அழுத்திப் பார்த்த அதே இடம்.

ராயல் செத்துப்போயிருப்பான் என்றுதான் நினைத்தேன். விசாரித்தால், இந்தியானாவில் ஒரு சின்ன ஊரில் படகு மோட்டார் பழுது பார்த்துக்கொண்டு உயிரோடு இருக்கிறான் என்றார்கள். உயிரோடு இருக்கிறவன் அங்கே எப்படிப் படுத்திருக்க முடியும்?

கார் எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தது அவன் மனைவி நாடின். என் சட்டையில் இருந்த ஹெரன்ஸ் சின்னத்தைப் பார்த்ததும் அவள் முகம் கல்லாகிவிட்டது.

"இத்தன வருஷம் கழிச்சு இப்ப என்ன வந்தது உங்களுக்கு?"

"வியாழக்கிழமை மதியம் உங்க வீட்டுக்காரருக்கு ஏதாவது ஆச்சாம்மா?"

அவள் கை கதவிலேயே நின்றது. உள்ளே திரும்பி, "ராயல்," என்று கூப்பிட்டாள். "யாரோ வந்திருக்காங்க. வியாழக்கிழமைய பத்திக் கேக்கறாங்க."

ராயல் கோலை ஊன்றிக்கொண்டு வந்தான். அகலமான தோள், வலது கால் மட்டும் குச்சியாகச் சூம்பியிருந்தது. சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தான். நாடின் மக்காச்சோள ரொட்டியும் பீன்ஸும் எடுத்து வைத்தாள். யாரும் தொடவில்லை.

"சூப் குடிச்சிட்டிருந்தேன்," என்றான் ராயல். "யாரோ நெஞ்சுல மிதிச்சாங்க. கிண்ணம் கீழ போயிடுச்சு. மிதிக்கறது புதுசில்ல. ஆனா மன்னிச்சுக்கோன்னு சொன்னது இதான் முதல் தடவ. யாரு அவன்?"

"ஒரு சின்னப் பையன். உங்கள மாதிரியே ஓடுவான்."

"எங்க வீட்டுல டிவி கிடையாது," என்றாள் நாடின். "பேப்பரும் வாங்கறதில்ல. ஆனா உங்க டீம் உள்ளூர்ல ஆடுதா வெளியூர்ல ஆடுதான்னு எனக்குத் தெரிஞ்சுடும். உள்ளூர்ல ஆடற ஞாயித்துக்கிழமை இவரு படுக்கைய விட்டு எழுந்திரிக்க மாட்டாரு. சாயந்திரம் பாத்தா உடம்பெல்லாம் கன்னிப்போய் இருக்கும்."

"டாக்டர்கிட்ட..."

"எத்தன டாக்டர்? நான்தான் அடிக்கறேன்னு ஒருத்தர் போலீஸையே கூப்பிட்டுட்டாரு."

ராயல் சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். "அன்னிக்கு என்னைத் தூக்கி வண்டில வெச்சாங்க. நானா எழுந்துக்கல. அதான் தப்பாப் போச்சுன்னு நினைக்கறேன். வண்டி கிளம்பறப்ப திரும்பிப் பாத்தேன் ஓடெல். நான் அங்கயே கிடந்தேன். வாயத் தொறந்து என்னைக் கூப்பிட்டேன். வண்டி நிக்கல." மேசையில் கையை ஊன்றி என் பக்கம் குனிந்தான். "என்னை அங்க கூட்டிட்டுப் போ. அந்தப் பையனையும் வரச்சொல்லு."

டிராஃப்டுக்கு முந்தைய வாரம், ஒரு காலை நேரத்தில், புல் பராமரிக்கிறவர் வாயிற்கதவைத் திறந்துவிட்டு, எதற்கு என்று கேட்காமல் போய்விட்டார். நாடின் ஓரக் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டாள். ராயல் தேடவே இல்லை. நேராக நடந்துபோய், கோலைத் தூர எறிந்துவிட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்தான். படத்தில் விழுந்து கிடந்த அதே கோலத்தில், வலது கை தலைக்கு மேலே. கண்ணை மூடினான்.

கேலன் பக்கத்தில் போய்க் குனிந்து கையை நீட்டினான். ராயல் பிடித்துக்கொண்டான். பையன் இழுத்தான். நானூறு பவுண்டு இரும்பைத் தூக்குகிறவன் அவன்; கழுத்து நரம்பு புடைத்து, பாதம் புல்லைக் கிழித்துக்கொண்டு வழுக்கியது. நான் உதவிக்குப் போனேன்.

"வராதீங்க சார்," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "ரெண்டு பேரு இருக்காங்க. ரெண்டு பேரும் வரணும்."

ராயல் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் எழுப்பினான். அடுத்த கணம் நின்றுவிட்டான். நின்றவன் பையனின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நாடின் ஓடிவந்தாள். கால் சரியாகிவிடவில்லை, சூம்பின கால் சூம்பினதுதான். ஆனால் அவன் முகத்தில் இருந்த ஏதோ ஒரு இறுக்கம் போய்விட்டது. அந்த இலையுதிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்ததாக நாடின் பிறகு போனில் சொன்னாள்.

அவர்கள் போனபின், "இப்ப ஓடிப் பாக்கறியா?" என்று கேலனைக் கேட்டேன். இடது ஓரமாக ஓடினான். நேராக, வளையாமல், சிரித்துக்கொண்டே. சந்தோஷத்தில் மைதானத்தைச் சுற்றி வலது ஓரமாகத் திரும்பி வந்தான். கோல் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் சட்டென்று வளைந்தான். நின்றான். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அங்க யாரும் விழுந்ததில்லயே தம்பி."

"ஆமா சார்." வெறும் புல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஆள் இன்னும் வரல. இடம் மட்டும் இருக்கு."

அன்று மாலையே கோச்சிடம் போனேன்.

"அந்தப் பையன் வேண்டாம் கோச்."

"நீதானப்பா கூட்டிட்டு வந்த! இப்ப மாத்திப் பேசறியே. என்ன குறை அவனுக்கு?"

"இந்த மைதானம் அவனுக்கு ஆகாது."

பிரானிகன் என்னை நெடுநேரம் பார்த்தார். அன்று கேலன் தரையிடம் சொன்ன மன்னிப்பு அவர் காதிலும் விழுந்திருந்தது என்று அப்போது எனக்கு உறுதியானது. ஏனென்றால் அவர் மேற்கொண்டு ஒன்றுமே கேட்கவில்லை. டிராஃப்டில் எங்கள் முறை வந்தபோது இன்னொரு தூணை எடுத்தோம். கேலனை மேற்குக் கடற்கரையில் ஒரு அணி எடுத்தது. எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது என்று நினைத்துக்கொண்டேன். அந்த வருட ஆட்ட அட்டவணை வெளிவந்ததும் பார்த்தால், நவம்பரில் அவர்கள் எங்கள் ஊருக்கு வருகிறார்கள்.

ஆட்டத்துக்கு முன் அவனைப் பிடித்தேன். "கால் வலின்னு சொல்லிட்டு உக்காந்துக்கோடா."

"சொல்லலாம் சார். ஆனா அது எனக்குத்தான்னு யாரு சொன்னா?" என்றான். "நான் ஆடலன்னாலும் அந்த இடம் அங்கதான் இருக்கும்."

கடைசிக் கட்டத்தில் அவன் அணி சில புள்ளிகள் பின்தங்கியிருந்தது. அரண் உடைந்தது. கேலன் பந்தை இடுக்கிக்கொண்டு வலது ஓரமாகக் கிளம்பினான். எதிரே வெட்டவெளி. கோல் கோடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பக்கவாட்டிலிருந்து எங்கள் ஆள் எமெட் ஸ்டோவால் பாய்ந்து வந்தான். அவனையும் சில வருடம் முன்பு நான்தான் எடுத்துக் கொடுத்திருந்தேன். கேலன் சட்டென்று காலை முன்னால் நீட்டி வழுக்கி உட்கார்ந்துவிட்டான். ஸ்டேடியமே 'பயந்தாங்கொள்ளி' என்று கத்தியது. ஆனால் பாய்ந்தவனால் காற்றில் நிற்க முடியுமா? எமெட் அவன் தலைக்கு மேலே பறந்துபோய், கேலன் அன்று வளைந்து ஒதுங்கிய அதே இடத்தில் விழுந்தான். முழங்கால் ஒடிந்த சத்தம் மேலே எனக்கே கேட்டதுபோல் இருந்தது.

படிகளில் இறங்கி ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் வண்டி வந்துவிட்டது. டாக்டர்கள் எமெட்டைத் தூக்கப் போனார்கள். கேலன் அவர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்து மண்டியிட்டான்.

"அண்ணே, எழுந்திருங்க. ஒரே ஒரு தடவ நீங்களா எழுந்திருங்க. படுத்தபடி இங்கேர்ந்து போகாதீங்க!"

"யோவ், பைத்தியமா நீ? தள்ளு!" என்று டாக்டர் கத்தினார்.

"அவன விடுங்க," என்றேன். எனக்கு அங்கே எந்த அதிகாரமும் இல்லை. ஆனால் பிரானிகன் பின்னால் வந்து நின்றிருந்தார். "விடுங்க," என்றார் அவரும்.

எமெட் அலறினான். கேலன் அவன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். ஒற்றைக் காலில், பையனின் மேல் மொத்த பாரத்தையும் போட்டு, அவன் நின்றான். நடப்பது என்னவென்று தெரியாமல் மொத்தக் கூட்டமும் கேலனைத் திட்டித் தீர்த்தது. மேலேயிருந்து பியர் கோப்பைகள் வந்து விழுந்தன. அவன் தலையைத் தாழ்த்திக்கொண்டு எமெட்டை வண்டிவரை நடத்திக் கொண்டுபோய் உட்காரவைத்தான்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். எமெட் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"கீழ பாக்காதேன்னு சொன்னான் அந்தப் பையன்," என்றான் என்னைப் பார்க்காமலே. "நான் பாத்துட்டேன் மிஸ்டர் ஓடெல்."

"என்ன பாத்த?"

"நான் எழுந்து நின்ன பிறகும் புல்லு அமுங்கியே இருந்துச்சு. சரியா ஒரு ஆள் அளவுக்கு. அப்புறம் அது மெதுவா நிமிர்ந்துச்சு. முதல்ல தலைப்பக்கம். கடைசியா கால்."

அடுத்த வருடம் அவன் திரும்பி வந்து ஆடினான், நன்றாகவே ஆடினான். கேலன் இன்னமும் மேற்கே ஓடிக்கொண்டிருக்கிறான். எங்கள் ஊர்க்காரர்கள் அவன் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் காறித் துப்புவார்கள். எமெட் இருக்கும் இடத்தில் மட்டும் யாரும் அப்படிச் செய்வதில்லை.